ஓவர்ஹாலில் பாதி வேலை நம்முடையது

முன்னால் போகும் பழைய வீராவின் புகைக்குழாயிலிருந்து நீல நிறத்தில் புகை வந்தால் என்ன செய்வீர்கள்? கண்ணாடியை ஏற்றிவிட்டு முந்திக்கொண்டு போவோம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கார் உங்கள் அப்பாவுடையது என்றால்? விற்பதா, எஞ்சினைப் பிரிப்பதா, வேறு எஞ்சின் போடுவதா, புதுக் கார் வாங்கி ஒன்பது ஆண்டு தவணை கட்டுவதா என்று வரிசையாகக் கேள்விகள் வந்து நிற்கும்.

கடந்த ஆண்டு தீபாவளிக்கு முன்பு எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்விகள் வந்தன. அப்பாவின் கார் 1997-இல் வாங்கிய புரோட்டோன் வீரா 1.5, மேனுவல் கியர். பீடோரிலிருந்து தாப்பா மருத்துவமனைக்கு இனிப்புநீர் சிகிச்சைக்குப் போவதும், அம்மாவைச் சந்தைக்கும் கோயிலுக்கும் அழைத்துச் செல்வதும் அந்தக் காரில்தான். தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். வாசலில் கார் இல்லையென்றால் அவருக்குக் கைகால் ஓடாது. மீட்டர் 280,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. மாதம் ஒரு லிட்டர் எஞ்சின் எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது.

நான் தலைநகரில் காலை நேர வானொலி அறிவிப்பாளர். எந்த நெடுஞ்சாலையில் எந்தக் கார் பழுதாகி நிற்கிறது, எத்தனை கிலோமீட்டர் நெரிசல் என்று சொல்வது என் அன்றாட வேலை. நின்ற கார் ஏன் நிற்கிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த வீராதான். இதே கேள்வியோடு இருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

புகை சொல்லும் சேதி

எஞ்சினைப் பிரிக்கும் முன் அதன் புகையைப் பார்க்க வேண்டும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறி எரிகிறது. அதற்கு ஓவர்ஹால் தேவையில்லை. எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வரும் வெள்ளைப் புகை, ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் போவதைக் காட்டும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே தே தாரேக் நுரைபோல் படிந்திருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்திருக்கலாம். பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. அதிலும் இரண்டு வகை உண்டு. காலையில் முடுக்கும்போது ஒரு முறை குப்பென்று வந்து நின்றுவிட்டால், அது வால்வு சீல் தேய்ந்ததன் அடையாளம். இரவு முழுவதும் சொட்டிய எண்ணெய் காலையில் எரிகிறது. எண்ணெயை மிதிக்கும்போதெல்லாம், மேடு ஏறும்போதெல்லாம் புகைந்தால் பிஸ்டன் ரிங் மேல்தான் முதல் சந்தேகம்.

சந்தேகத்தை உறுதிசெய்யக் கம்ப்ரஷன் சோதனை இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அளவுமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று தெரியும். அப்பாவின் காரில் மூன்று சிலிண்டர்கள் 155 முதல் 165 பிஎஸ்ஐ வரை காட்டின. மூன்றாவது சிலிண்டர் மட்டும் 105-இல் நின்றது. போர்மேன் அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் சோதித்தார். அளவு 145-க்கு ஏறியது.

“பார்த்தியா தங்கச்சி, எண்ணெய் ஊத்துனதும் ஏறுது. அப்படின்னா கசிவு ரிங் பக்கம். ஏறாம நின்னுருந்தா வால்வு பக்கம்” என்றார்.

பத்து நிமிடச் சோதனைதான். இதைச் செய்யாமலேயே “ஓவர்ஹால் பண்ணணும்” என்று சொல்லும் பட்டறையில் காரை விடாதீர்கள். பிசிவி வால்வு என்ற சின்னப் பொருள் அடைத்துக்கொண்டாலும் எஞ்சின் எண்ணெய் குடிக்கும். அதை மாற்ற ஆகும் செலவு, குடும்பத்தோடு வெளியே ஒரு வேளை பசியாறும் செலவுதான். முதலில் அதைப் பார்த்துவிட வேண்டும்.

மூன்று வழிகள்

ரிங் தேய்ந்துவிட்டது என்று உறுதியான பிறகு மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, தடித்த எண்ணெயும் புட்டியில் விற்கும் ‘மருந்தும்’ ஊற்றி ஓட்டுவது. புகை சில காலம் அடங்கும், ஆனால் தேய்ந்த இரும்பு வளராது. பழைய கார் விற்பவர்கள் சிலர் இப்படித்தான் புகையை மறைக்கிறார்கள் என்பதால், பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஒரு மேட்டில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, ஹாஃப்கட் எஞ்சின். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்குமதியாகும் கார்களின் எஞ்சின்கள் நம் நாட்டில் தாராளமாகக் கிடைக்கின்றன. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்த எஞ்சின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. எஞ்சின் எண் மாறுவதால் ஜேபிஜே-யில் முறைப்படி பதிவும், அதற்கு முன் வாகனப் பரிசோதனையும் வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் பிறகு காரை விற்கும்போது, ஏன், விபத்துக் காப்புறுதி கோரும்போதுகூட வில்லங்கம்.

மூன்றாவது, இருக்கும் எஞ்சினையே பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால். பிளாக் அதேதான் என்பதால் எஞ்சின் எண் மாறாது. வீரா 1.5-இல் இருக்கும் மிட்சுபிஷி 4ஜி15 எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பால் ஆனது. சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம். உதிரிப்பாகங்களும் சின்ன ஊர்களில்கூடக் கிடைக்கின்றன. இன்றைய அலுமினிய பிளாக்குகள் சில இப்படிக் கடைய இடம் தருவதில்லை. பழைய காருக்கு இருக்கும் அனுகூலம் இது.

‘டாப் ஓவர்ஹால்’, ‘ஃபுல் ஓவர்ஹால்’ இரண்டும் ஒன்றல்ல. டாப் என்றால் எஞ்சினின் தலைப்பகுதியை மட்டும் கழற்றி, வால்வு, சீல், கேஸ்கெட் வேலைகளைச் செய்வது. ஃபுல் என்றால் எஞ்சினைக் காரிலிருந்து இறக்கி, கிராங்க், பேரிங், பிஸ்டன், ரிங் என்று அடிவரை பிரிப்பது. ரிங் தேய்ந்த காருக்கு டாப் மட்டும் செய்தால், மேலே வால்வு நன்றாக மூடிக்கொள்ளும். கீழே கசிவு அப்படியே இருக்கும். காசும் போகும், புகையும் போகாது.

அண்ணனும் நானும் செலவைப் பகிர்ந்துகொள்வது என்று முடிவெடுத்தோம். என் சம்பளத்தில் ஒன்பது ஆண்டு தவணை ஒன்றை ஏற்றுவதைவிட, ஒரே முறை கொடுத்து முடிப்பது எங்களுக்கு ஏற்றதாகப் பட்டது. கதவு, தரை எங்கும் துருப்பிடித்து, கியர்பாக்ஸும் தட்டிக்கொண்டிருக்கும் கார் என்றால் இந்தக் கணக்கு சரிவராது. எஞ்சின் மட்டும் களைத்து, மற்றதெல்லாம் திடமாக இருக்கும் காருக்குத்தான் ஓவர்ஹால்.

கடைசல் பட்டறையில்

ரவாங்கில் இருக்கும் பட்டறையில் காரை விட்டோம். எஞ்சினைப் பிரித்த போர்மேன், பிளாக்கையும் ஹெட்டையும் கடைசல் பட்டறைக்கு அனுப்பினார். ஓவர்ஹாலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

4ஜி15-இன் சிலிண்டர் விட்டம் 75.5 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மில்லிமீட்டர். நிமிடத்திற்கு 3,000 சுழற்சியில் ஓடும்போது ஒவ்வொரு பிஸ்டனும் வினாடிக்கு 50 முறை மேலே போய் 50 முறை கீழே வருகிறது. ஒரு மணி நேரத்தில் 180,000 முறை. இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்குமேல் இப்படி உரசியதில் சிலிண்டர் வட்டமாக இருக்காது. மேல்பகுதி அகன்று முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். அந்த ஓட்டையில் புது ரிங்கை மட்டும் போட்டால், வட்டமான மூடியைச் சப்பையான டப்பாவில் போட்டது மாதிரிதான்.

எங்கள் பிளாக்கை 0.50 மில்லிமீட்டர் அகலமாக, அதாவது 76.0-க்குக் கடைந்து, அதே அளவில் பெரிய பிஸ்டன்கள் வாங்கினோம். கடைந்த பிறகு ‘ஹோன்’ செய்தார்கள். சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக, பாய் முடைந்ததுபோல் மெல்லிய கோடுகள் இழுப்பதுதான் ஹோன். பளபளவென்று கண்ணாடிபோல் இருந்தால்தானே நல்லது என்று எனக்குத் தோன்றியது.

“கண்ணாடி மாதிரி இருந்தா எண்ணெய் நிக்காது தங்கச்சி. இந்தக் கோட்டுலதான் எண்ணெய் தங்கும். இந்தக் கோட்டு மேல உரசித்தான் புது ரிங் சுவத்துக்கு ஏத்த மாதிரி உட்காரும்” என்றார் போர்மேன்.

புது ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, அதன் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் அளந்து காட்டினார். சுமார் 0.3 மில்லிமீட்டர், மூன்று தாள் தடிமன். இந்த இடைவெளி இல்லாமல் போட்டால், எஞ்சின் சூடாகி ரிங் விரியும்போது முனைகள் முட்டி உடைந்துவிடும். அளக்காமல் ‘புதுசு வாங்கி மாட்டினோம்’ என்று முடிக்கும் வேலைக்கும் நல்ல ஓவர்ஹாலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

எஞ்சின் கீழே இறங்கியிருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச் தட்டு, ஆயில் சீல்கள் ஆகியவற்றையும் மாற்றினோம். பிறகு தனியாக மாற்றினால் கூலி மறுபடியும் கொடுக்க வேண்டும். ரேடியேட்டரையும் கழுவச் சொன்னோம். வெப்பம் மிஞ்சி எஞ்சின் கெட்ட காருக்கு, வெப்பம் மிஞ்சிய காரணத்தைச் சரிசெய்யாமல் ஓவர்ஹால் செய்வது வீண்.

ஒரு சின்ன விஷயம். நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று பல பழைய கார்களில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். அப்பாவின் காரிலும் அது இல்லை. அது இல்லாவிட்டால் எஞ்சின் தனக்குரிய சூட்டை அடைய நெடுநேரம் பிடிக்கும், எண்ணெயில் கலக்கும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாது, தேய்மானம் கூடும். புதிதாக ஒன்று மாட்டினோம்.

எல்லாம் சேர்த்து 3,450 வெள்ளி. பதினோரு நாள்.

பூப்போல ஓட்டுவதா?

காரை எடுக்கப் போன அன்று அப்பாவும் பீடோரிலிருந்து பேருந்தில் வந்திருந்தார். அங்கேதான் விவாதம் தொடங்கியது.

“எங்க காலத்துல புது எஞ்சின்னா பூ மாதிரி ஓட்டுவோம் பாப்பா. ஆயிரம் மைலு வரைக்கும் நாப்பதைத் தாண்ட மாட்டோம்” என்றார் அப்பா.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ‘எஞ்சின் பழகுகிறது, முந்திச் செல்லுங்கள்’ என்ற பொருளில் காரின் பின்கண்ணாடியில் அட்டை ஒட்டியே ஓட்டினார்கள். அப்பா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் போர்மேன் மெதுவாக மறுத்தார்.

“ஐயா, வேகம் வேணாம்னு நீங்க சொல்றது சரி. ஆனா ரொம்பப் பூவா ஓட்டுனா ரிங் உட்காராது” என்று சொல்லி, ஒரு பழைய பிஸ்டனை எடுத்துக் காட்டினார்.

அவர் விளக்கியது இது. ரிங் தன் சொந்த விறைப்பால் மட்டும் சுவரை அழுத்துவதில்லை. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் வாயு, ரிங்குக்குப் பின்னால் இருக்கும் காடிக்குள் புகுந்து அதை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில்தான் ரிங், ஹோன் கோடுகளின் கூரான மேடுகளைத் தேய்த்து, சுவரோடு பொருந்துகிறது. வண்டியை எப்போதும் மெல்ல உருட்டிக்கொண்டே இருந்தால் அந்த அழுத்தம் வராது. ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே வாயு கசியும். அதன் சூட்டில் எண்ணெய் கருகி, வார்னிஷ் பூசியதுபோல் சுவரில் படியும். அதன் பிறகு ரிங் அதன்மேல் வழுக்கிக்கொண்டுதான் ஓடும். எஞ்சின் என்றைக்கும் எண்ணெய் குடிக்கும். சரிசெய்ய மறுபடியும் பிரித்து ஹோன் செய்ய வேண்டும்.

முதல் நாளே ஏறி மிதித்தாலோ, புதுப் பரப்புகள் உரசும் சூடு அளவுக்கு மீறி, பேரிங்கும் பிஸ்டனும் பாதிக்கப்படும். சுமை வேண்டும், ஆனால் அளவோடு, விட்டு விட்டு வேண்டும். பட்டறையில் பாதி வேலைதான் முடிகிறது. ரிங்கை உட்கார வைக்கும் மீதி வேலை ஓட்டுபவர் காலில் இருக்கிறது.

அப்பா பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, அப்ப எப்படி ஓட்டணும்னு எழுதிக் குடுங்க” என்று சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து நீட்டினார்.

முதல் 1,000 கிலோமீட்டர்

அந்த நோட்டில் எழுதியதோடு, நாங்கள் கடைப்பிடித்த முறை இது.

முதல் முடுக்கத்துக்கு முன்பே போர்மேன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை எஞ்சினைச் சுழற்றினார். பேரிங்குகளுக்கு எண்ணெய் ஏறிய பிறகுதான் பிளக் மாட்டி முடுக்கினார். ஓடத் தொடங்கியதும் எங்காவது கசிகிறதா, சூட்டுமுள் எங்கே நிற்கிறது என்று கவனித்தார். பிறகு அதிக நேரம் சும்மா நிறுத்தி முடுக்கிவிடாமல் சாலைக்கு எடுத்தார். புது எஞ்சினை வாசலில் ஒரு மணி நேரம் சும்மா ஓடவிடுவது நல்லதல்ல. அப்போதும் சுமை இல்லை, ரிங் உட்காராது.

எண்ணெய் விஷயத்தில், முதல் 1,000 கிலோமீட்டருக்கு மினரல் எண்ணெய்தான் ஊற்றினோம். பழுதுபார்ப்பவர்களில் பலரும் இதையே விரும்புகிறார்கள். மிகவும் வழுக்கும் எண்ணெய், ரிங் உட்காருவதைத் தாமதப்படுத்தும் என்பது அவர்கள் கணக்கு. புதுக் கார்கள் சில தொழிற்சாலையிலிருந்தே சிந்தெட்டிக் எண்ணெயோடு வருகின்றனவே என்று கேட்கலாம். அங்கே சிலிண்டர் சுவர் இன்னும் நுணுக்கமாகத் தீட்டப்பட்டிருக்கிறது; பழகும் வேலையில் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது.

சாலையைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். ரவாங்கிலிருந்து பீடோருக்கு நெடுஞ்சாலையில் போனால் ஒரே வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் ஓட வேண்டும். பழகாத எஞ்சினுக்கு அது ஆகாது. எனவே பழைய கூட்டரசுச் சாலையில் போனோம்: செரண்டா, ராசா, காலும்பாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், சுங்காய், பீடோர். சுமார் 100 கிலோமீட்டர். ஒவ்வோர் ஊரிலும் சமிக்ஞை விளக்கு, மேடு பள்ளம், லாரிக்குப் பின்னால் மெதுவாகப் போய் வேகம் எடுப்பது என்று எஞ்சினுக்குத் தேவையானதெல்லாம் அந்தச் சாலையிலேயே கிடைத்தது. டோலும் இல்லை.

ஓட்டிய விதம் இது. மூன்றாவது, நான்காவது கியரில் 2,000 சுழற்சியிலிருந்து 3,000 வரை திடமாக வேகம் எடுப்பது. அங்கிருந்து காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வேகம் குறையவிடுவது. பிறகு மறுபடியும். வேகம் எடுக்கும்போது ரிங்குக்கு அழுத்தம் கிடைக்கிறது. காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, எண்ணெயை மேலே இழுத்து, தேய்ந்த துகள்களைக் கழுவிச் சுவரைக் குளிர்விக்கிறது. முதல் 500 கிலோமீட்டர் வரை 3,000-ஐத் தாண்டவில்லை. அடுத்த 500-இல் கொஞ்சம் கொஞ்சமாக 3,500, 4,000 வரை ஏற்றினோம்.

தவிர்த்தவையும் உண்டு. அடிவரை மிதிக்கவில்லை. நான்கைந்து பேரை ஏற்றவில்லை. கெந்திங், கேமரன் பக்கம் போகவில்லை. மேட்டில் ஐந்தாவது கியரில் எஞ்சினைத் திணறவிடவில்லை. அப்படித் திணறவிடுவது வேகமாக ஓட்டுவதைவிடக் கெடுதல் என்று போர்மேன் எச்சரித்திருந்தார். தஞ்சோங் மாலிமில் தே ஓ குடிக்க நிறுத்தியபோது எஞ்சின் ஆறட்டும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்தோம். சூடாகி ஆறுவதும் பழகுவதன் ஒரு பகுதிதான்.

பாதி வழியில் அப்பா ஓட்டினார். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் “இது போதுமா பாப்பா?” என்று கேட்டார். நாற்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர் என்னிடம் கேட்டது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் சுங்காய் தாண்டியபோது எஞ்சின் சத்தத்தைக் கேட்டே காலை எடுக்கவும் மிதிக்கவும் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு மீட்டரைப் பார்க்கவே இல்லை.

முதல் 100 கிலோமீட்டரில் ஒரு முறையும், பிறகு 500-இலும் 1,000-இலும் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றினோம். முதலில் வடித்த எண்ணெயில் வெயில் பட்டதும் மெல்லிய வெள்ளிப் பொடி மின்னியது. ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று தேய்த்த துகள்கள் அவை. மூன்றாவது முறை மின்னல் ஏறக்குறைய இல்லை. கையில் தட்டுப்படும் அளவுக்குத் துணுக்குகள் வந்திருந்தால் உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். 1,000-இல் வால்வு இடைவெளியைச் சரிபார்த்து, போல்ட்டுகளையும் பார்த்தார்கள்.

போர்மேனிடம் கேட்க வேண்டியவை

• கம்ப்ரஷன் சோதனையின் அளவுகள் என்ன? எழுதித் தர முடியுமா?

• டாப் ஓவர்ஹாலா, ஃபுல்லா? எந்தெந்தப் பாகம் புதிது, எது பழையதே?

• சிலிண்டரை அளந்தீர்களா? கடைவது எந்த அளவுக்கு?

• பழைய பிஸ்டன், ரிங், பேரிங்குகளைத் திருப்பித் தருவீர்களா? (அவற்றைப் பார்த்தாலே பாதி உண்மை தெரியும்.)

• ஒவ்வொரு கட்டத்திலும் புலனத்தில் படம் அனுப்புவீர்களா?

• உத்தரவாதம் எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர்? 1,000 கிலோமீட்டர் சோதனை விலைக்குள் அடங்குமா?

• பணத்தை முன்பணம், நடுவில், முடிவில் என்று பிரித்துக் கொடுக்கலாமா?

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரே உங்கள் போர்மேன். எங்கள் போர்மேன் கேட்காததற்கும் பதில் சொன்னார்.

கார் இப்போது 6,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு எண்ணெய் மாற்றங்களுக்கு இடையே அளவுகோலில் எண்ணெய் குறைவது கண்ணுக்குத் தெரியாத அளவில்தான். அப்பா நோட்டில் தேதி, மீட்டர், எண்ணெய் அளவு எல்லாவற்றையும் குறித்துவருகிறார். மருத்துவமனைத் தேதிகளும் அதே பக்கங்களில்தான் இருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கார் எஞ்சின் வேலைக்குப் போகிறது என்றால், வண்டியை எடுக்கும் நாளில் அவசரமாக வேலைக்குப் போகும் திட்டம் வைக்காதீர்கள். ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சாலையில் ஏறுங்கள். அந்தக் காரை இனி யார் ஓட்டப் போகிறாரோ, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.